இருதயத்துக்கு ஒட்டுப் போட முடியுமா?

"தம்பி, இந்த வளையல் ஒவ்வொண்ணும் ரெண்டு சவரன். நாலையும் வித்தா எவ்வளவு வரும்?"

இப்படிக் கேட்டுக்கொண்டே ஒரு நாள் மாலை உள்ளே வந்தார் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள். நான் நகைக்கடைக்காரன் அல்ல, பத்திரிகைக்காரன். அன்றைய சவரன் விலை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாளின் கையை வளையல் இல்லாமல் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆகவே விலையை விட்டுவிட்டு விஷயத்தை விசாரித்தேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு அவருடைய கணவருக்கு மாரடைப்பு வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய மனிதராக எழுந்திருக்கவில்லை. மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறார். சாயந்தரமானால் கால் வீங்குகிறது. இருதயத்தில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தச் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர் செல்போனில் ஒரு விளம்பரத்தை அனுப்பி வைத்தார். 'ஸ்டெம் செல்' என்று ஓர் ஊசியாம். அதைப் போட்டால் செத்த இருதயம் புதிதாக முளைத்துவிடுமாம். செலவு சில லட்சங்கள்தானாம்!

"நீங்க நாலும் படிக்கிறவங்க. இது நிஜமா, பொய்யா? விசாரிச்சுச் சொல்லுங்க தம்பி. நிஜம்னா எனக்கு வளையல் பெரிசில்லே."

ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். அப்படிப்பட்ட விளம்பரம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமா போயிருக்கும்?

ஆறாத காயம்

காய் நறுக்கும்போது அரிவாள்மணை விரலில் பட்டுவிடுகிறது. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிறீர்கள். நாலைந்து நாளில் புதுத் தோல் மூடிவிடுகிறது. எலும்பு முறிந்தாலும் கூடிவிடுகிறது. இருதயத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பாக்கியம் இல்லை?

நம் கை முஷ்டி அளவுதான் இருதயம். எடை சுமார் 300 கிராம். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. தீபாவளி, பொங்கல் என்று ஒரு நாள் லீவு கிடையாது. இந்த உழைப்பைச் செய்பவை கோடிக்கணக்கான தசை உயிரணுக்கள். மற்ற உறுப்புக்களில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரிந்து, இரண்டு நாலாகிப் பெருகும். இருதயத் தசையின் உயிரணுக்களோ நாம் பிறந்த சிறிது காலத்துக்குள் அந்தப் பழக்கத்தை ஏறக்குறைய விட்டுவிடுகின்றன.

மாரடைப்பு வரும்போது நடப்பது இதுதான்: இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்துக்கொள்கிறது. பிராணவாயு கிடைக்காத தசை, சில மணி நேரத்துக்குள் சாகிறது. பெரிய மாரடைப்பு என்றால் 100 கோடி உயிரணுக்கள்கூட மாண்டு போகலாம். அந்த இடத்தில் உடம்பு அவசர அவசரமாக ஒரு தழும்பைப் போட்டு மூடுகிறது. பட்டுப் புடவையின் கிழிசலில் கோணித் துணியை வைத்துத் தைத்த மாதிரி! கிழிசல் பெரிதாகாது. ஆனால் தழும்பு துடிக்காது. மிச்சமிருக்கும் தசையே முழுப் பாரத்தையும் இழுத்து இழுத்துச் சோர்ந்து போகிறது. நாலாவது படியில் மூச்சு வாங்குவதன் ரகசியம் அதுவே.

சரி, இருதயத்தில் புதிய உயிரணுவே பிறப்பதில்லையா? இதற்கு விடை எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? அணுகுண்டிலிருந்து!

1955 முதல் 1963 வரை வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு அணுகுண்டுகளை வெட்டவெளியில் வெடித்துப் பார்த்தன அல்லவா? அதனால் காற்றில் ஒரு வகைக் கதிரியக்கக் கரி மிகுந்தது. அது செடி கொடிகளில் ஏறி, சாப்பாட்டின் வழியாக மனித உடம்பிலும் புகுந்தது. பிறகு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. ஆகவே ஓர் உயிரணுவில் அந்தக் கரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், அது எந்த வருஷத்தில் பிறந்தது என்று ஜாதகம் கணித்துவிடலாம். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தில் யோனாஸ் ஃப்ரீஸன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இப்படிக் கணித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இருதயத் தசையிலும் புதிய உயிரணு பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் 25 வயதில் வருஷத்துக்கு நூற்றில் ஒன்று. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. வீடு எரிந்து போனவனுக்கு வாரம் ஒரு செங்கல் கொடுத்தால் அவன் எப்போது வீடு கட்டுவான்?

மீனுக்குத் தெரிந்த வித்தை

இந்த வித்தையை மறக்காத பிராணியும் உண்டு. கண்ணாடித் தொட்டிகளில் உடம்பெல்லாம் நீலக் கோடுகளுடன் துள்ளி ஓடும் குட்டி மீன் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வரிக்குதிரை மீன் என்று பெயர். பூர்வீகம் நம் இந்தியாவும் அக்கம்பக்கத்து நாடுகளும்தான். 2002-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த மீனின் இருதய அறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அது மறுபடி வளர்ந்துவிட்டது! தழும்புகூட நிலைக்கவில்லை.

மீனாவது மீன், நம்மைப் போல் பால் குடித்து வளரும் பிராணிகளில் உண்டா? 2011-ல் டல்லாஸ் நகரத்தில் சுண்டெலிகளை வைத்துப் பார்த்தார்கள். பிறந்து ஒரு நாளான குட்டியின் இருதய நுனியை வெட்டினால், மூன்று வாரத்தில் சரியாகிவிடுகிறது. ஏழு நாளான குட்டிக்கு அது முடிவதில்லை; தழும்புதான் விழுகிறது. ஆக, வித்தை இருக்கிறது. தொட்டிலிலேயே மறந்து போகிறது.

அந்த வித்தையை ஞாபகப்படுத்த முடியாவிட்டால், வெளியிலிருந்து புதிய உயிரணுவைக் கொண்டுவந்து வைக்கலாமே என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். இங்கேதான் ஸ்டெம் செல் வருகிறது.

அவசரத்தால் வந்த வினை

செல் என்றால் பழைய புத்தகத்தை அரிக்கும் செல் அல்ல. காதில் வைத்துப் பேசும் செல்லும் அல்ல. உயிரணு. அதிலும் ஸ்டெம் செல் என்பது இன்ன வேலை என்று இன்னும் முடிவாகாத இளம் உயிரணு. வாழை மரத்தின் குருத்து எப்படி விரிந்து இலையாகிறதோ, அப்படி இது முதிர்ந்து வேறு வேறு உயிரணுவாகும். தமிழில் குருத்தணு என்கிறார்கள், அழகான பெயர்.

நம் எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்கிறார்களே, அது பல்லாண்டுகளாகப் பலன் தரும் உண்மையான வைத்தியம். 'ரத்தத்தை உண்டாக்குவது இருதயத்தையும் உண்டாக்காதா?' என்ற ஆசை பிறந்தது. 2001-ல் நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் இருந்த பியரோ அன்வெர்ஸாவும் அவருடைய சகாக்களும், மாரடைப்பு உண்டாக்கிய சுண்டெலிகளின் இருதயத்தில் மஜ்ஜை உயிரணுக்களைச் செலுத்தியதாகவும், அவை புதிய இருதயத் தசையாக மாறிவிட்டதாகவும் எழுதினார்கள். உலகமே வாயைப் பிளந்தது. அதே வருஷத்தில் ஜெர்மனியில் ஒரு மனிதருக்கும் மஜ்ஜை உயிரணுவைச் செலுத்திய செய்தி வந்தது. சுண்டெலியிலிருந்து மனிதனுக்கு எவ்வளவு சீக்கிரம் தாவினார்கள், பாருங்கள்!

2004-ல் அமெரிக்காவிலேயே வேறு இரண்டு குழுவினர் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். மஜ்ஜை உயிரணு இருதயத் தசையாக மாறவே இல்லை. மனிதர்களிடம் நடந்த சோதனைகளிலும் பெரிய பலன் எதுவும் நிலைநாட்டப்படவில்லை. இதற்கிடையில், இருதயத்துக்குள்ளேயே குருத்தணு இருக்கிறது என்று அன்வெர்ஸாவின் ஆராய்ச்சிக்கூடம் வேறொரு கொடியை உயர்த்தியது. கடைசியில் என்ன ஆயிற்று? 2018-ல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியும் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியும் விசாரணை நடத்தி, அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் 31 கட்டுரைகளில் திரித்த அல்லது புனைந்த தகவல்கள் இருப்பதாகச் சொல்லி, அவற்றை வாபஸ் வாங்கும்படி பத்திரிகைகளுக்கு எழுதின. அந்தக் கருத்தை ஒட்டி நோயாளிகளிடம் நடந்துகொண்டிருந்த ஒரு சோதனையை அமெரிக்க அரசாங்க நிலையம் இடையில் நிறுத்தி வைத்தது.

வேர் அழுகிப் போன மரம் அது. ஆனால் அதன் பழம் என்று சொல்லி இன்னும் கூவி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தயிர் பாலான அதிசயம்

அப்படியானால் எல்லாம் மோசடிதானா? இல்லை, இல்லை. மற்றொரு பக்கத்தில் நிதானமான வேலையும் நடந்துகொண்டிருந்தது. அதைக் கேளுங்கள்.

ஜப்பானில் ஒஸாகாவுக்குப் பக்கத்தில் தையல் மெஷினுக்கு உறுப்புக்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்று. அதன் சொந்தக்காரருக்கு 1962-ல் ஒரு பிள்ளை பிறந்தான். பெயர் ஷின்யா யமனாகா. டாக்டருக்குப் படித்து எலும்பு வைத்தியரானார். ஆனால் கத்தியைப் பிடித்தால் கை ஓடவில்லை. மற்றவர்கள் அரை மணிக்குள் முடிக்கும் ஆபரேஷன் அவருக்கு ஒரு மணிக்கு மேல் ஆகுமாம். 'ஜமனாகா' என்று கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள். ஜப்பானிய மொழியில் 'ஜமா' என்றால் இடைஞ்சல்! மனம் நொந்து ஆராய்ச்சிக்குப் போனார். அந்த இடைஞ்சல்தான் உலகத்துக்கு அதிர்ஷ்டம்.

பாலைத் தயிராக்கலாம், தயிரை மறுபடி பாலாக்க முடியுமா? உயிரணு விஷயத்திலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். தோலாக முதிர்ந்தது தோல்தான், எலும்பாக முதிர்ந்தது எலும்புதான். இங்கிலாந்தில் ஜான் கர்டன் என்பவர், யமனாகா பிறந்த அதே 1962-ல், தவளையை வைத்து இதைச் சந்தேகிக்க வழி செய்தார். தேர்ந்த தவளை உயிரணுவின் கருவை ஒரு முட்டையில் வைத்துத் தலைப்பிரட்டைகளை உண்டாக்கிக் காட்டினார்.

யமனாகாவுக்கு முட்டையும் வேண்டியிருக்கவில்லை. 24 மரபணுக்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, கடைசியில் நாலே நாலு போதும் என்று கண்டார். அந்த நாலையும் சுண்டெலியின் சாதாரண உயிரணுவில் செலுத்தியதும் அது மறுபடி குருத்தணு ஆகிவிட்டது. இது 2006-ல். மறு வருஷமே மனிதத் தோலிலும் செய்து காட்டினார். தயிர் பாலாகிவிட்டது! 2012-ல் கர்டனுக்கும் யமனாகாவுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பால் கிடைத்தால் அதிலிருந்து வெண்ணெயும் எடுக்கலாம், கோவாவும் கிளறலாம் அல்லவா? இந்தக் குருத்தணுவுக்குப் பக்குவமான ரசாயனங்களை நாள் கணக்கில் முறையாகக் கொடுத்தால் அது இருதயத் தசையாக முதிர்கிறது. சுமார் 10 நாளில் கண்ணாடித் தட்டில் தானாகவே துடிக்கத் தொடங்குகிறது. மூளை இல்லை, நரம்பு இல்லை, ஆனால் துடிக்கிறது!

தாளம் தப்பிய கோலாட்டம்

அதை அப்படியே எடுத்து இருதயத்தில் ஊசியால் ஏற்றிவிட்டால் என்ன? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து விஞ்ஞானிகள், கருவிலிருந்து கிடைத்த குருத்தணுக்களைக் கொண்டு குரங்குகளுக்குச் செய்து பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு குரங்குக்கும் 100 கோடி உயிரணுக்கள். புதிய தசை நிஜமாகவே வேரூன்றியது. ஆனால் குரங்குகளுக்கு இருதயத் துடிப்புத் தாறுமாறாயிற்று.

கோலாட்டம் ஆடியவர்களுக்கு இது உடனே விளங்கும். தாளம் பழகாத பத்துப் பெண்களை நடுவில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? கோல் கோலோடு சேராது, பழகியவர்களும் தடுமாறுவார்கள். புதிய உயிரணு பச்சைக் குழந்தை. அதற்குப் பெரியவர்களின் தாளம் தெரியாது.

ஆகவே உயிரணுவை உதிரியாகச் செலுத்துவதைவிட, வெளியிலேயே வரிசையாகச் சேர்த்து, பழக்கி, துண்டுத் துணி போல ஆக்கி, இருதயத்தின் மேல் வைத்துத் தைத்தால் நல்லது என்று சிலர் நினைத்தார்கள். திசுப் பொறியியல் என்பது இதுதான். நம் பாஷையில் சொன்னால் ஒட்டுப் போடுவது.

ஒஸாகா சர்வகலாசாலையில் யோஷிகி ஸாவா என்ற இருதய ரண வைத்தியர், யமனாகா முறையில் உண்டாக்கிய இருதயத் தசையை அப்பளத்தைவிட மெல்லிய தகடாக்கி, 2020 ஜனவரியில் ஒரு நோயாளியின் இருதயத்தின் மேல் வைத்தார். இந்தத் தகடு முக்கியமாகச் சில சத்துக்களைச் சுரந்து, பக்கத்தில் புதிய ரத்தக் குழாய்கள் உண்டாக உதவுகிறது என்பது அவர் கருத்து.

ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து வோல்ஃப்ராம் ஸிம்மர்மன் இன்னும் கனமான ஒட்டுத் தயாரித்தார். இருதயத் தசை உயிரணுக்களையும் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் உயிரணுக்களையும் கொலாஜன் என்ற புரதக் கூழில் கலந்து அச்சில் ஊற்றுகிறார்கள். கூழ் இறுகியதும் வளையும் கம்பங்களில் மாட்டிவிடுகிறார்கள். உயிரணுக்கள் கம்பத்தை இழுத்து இழுத்துத் தேகப் பயிற்சி செய்து பலம் பெறுகின்றன! குரங்குகளில் இந்த ஒட்டு 6 மாதம் வரை நிலைத்தது. தாளமும் தப்பவில்லை.

பிறகு 46 வயதுப் பெண்மணி ஒருவர். இருதயம் மிகவும் தளர்ந்து, மாற்று இருதயத்தை எதிர்பார்த்திருந்தவர். அவருடைய இருதயத்தில் 40 கோடி உயிரணுக்கள் கொண்ட 10 ஒட்டுக்களை வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் சென்று அவருக்கு வேறொருவரின் இருதயம் கிடைத்தது. கழற்றி எடுத்த பழைய இருதயத்தைப் பரிசோதித்தபோது, ஒட்டுப் போட்ட உயிரணுக்கள் உயிரோடு இருந்தன. அவற்றுக்குள் ரத்தக் குழாயும் ஓடியிருந்தது. 2025 ஜனவரியில் இதை வெளியிட்டார்கள். அந்தப் பெண்மணியின் பழைய இருதயம், வெளியே வந்த பிறகும் உலகத்துக்கு ஓர் உபகாரம் செய்துவிட்டது.

ஒட்டு வேண்டாம், முழு இருதயமே செய்வோம் என்கிறவர்களும் உண்டு. 2008-ல் மினஸோட்டாவில் டோரிஸ் டெய்லர், செத்த எலியின் இருதயத்தைச் சோப்பு நீர் போன்ற திரவத்தால் அலசி, உயிரணுவெல்லாம் போன வெள்ளைக் கூடாக்கி, புதிய உயிரணுவை ஊற்றினார். எட்டாம் நாள் துடித்தது. ஆனால் அதன் பலம் நல்ல இருதயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். 2019-ல் டெல் அவீவ் நகரத்தில் மனித உயிரணுவைக் கொண்டே செர்ரிப் பழம் அளவில் ஓர் இருதயத்தை அச்சடித்தார்கள். அதனால் ரத்தத்தை இறைக்க முடியாது. கொலு பொம்மை மாதிரி பார்க்க அழகு, அவ்வளவுதான்.

வளையல் என்ன ஆயிற்று?

ஒரு வாரம் முடிந்தது. அந்த அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"ஒட்டுப் போடுவது பொய்யில்லை, அம்மா. ஆனால் அதன் பலன் இன்னும் முழுதாக நிரூபிக்கப்படவில்லை. பிறருடைய உயிரணு என்றால், உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கக் கடுமையான மருந்துகள் சாப்பிட வேண்டும். விளம்பரத்தில் வரும் ஊசி இந்த ஒட்டு அல்ல. நம் தேசத்து மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2017-ல் விதி வகுத்திருக்கிறது. மஜ்ஜை மாற்று முதலிய ரத்த சம்பந்தமான சிகிச்சைகள் நீங்கலாக, குருத்தணு வைத்தியம் எதையும் முறையான சோதனையாகத்தான் செய்யலாம். சோதனை என்றால் அரசாங்கப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். நெறிமுறைக் குழு சம்மதித்திருக்க வேண்டும். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்."

அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஒண்ணுமே செய்ய முடியாதா தம்பி?" என்றார்.

அந்தக் கேள்வியை இருதய டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். கணவரை அழைத்துக்கொண்டு போனார். மருந்துகளை மாற்றிக் கொடுத்தார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார். தினம் காலையில் எடை பார்த்து எழுதி வைக்கச் சொன்னார். திடீரென்று எடை ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தமாம். இன்று அவர் ஏழாவது படி வரை நிற்காமல் ஏறுகிறார். புதிய இருதயம் முளைத்துவிடவில்லை. இருக்கிற இருதயத்தின் பாரம் குறைந்திருக்கிறது.

போகும் முன், சகோதரிகளே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இருதயத் தசை போனால் எளிதில் திரும்பாது என்று பார்த்தோம். சாவதற்கு முன்னால் காப்பாற்றுவதுதான் இன்றைக்கு நம் கையில் இருக்கும் பெரிய வைத்தியம். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் என்று நினைக்காதீர்கள். நெஞ்சுவலிதான் எல்லாரிடமும் அதிகம் காணும் அறிகுறி. ஆனால் பெண்களுக்கு மூச்சுத் திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத அசதி என்றும் பலமுறை வருகிறது. "வாயுதான்" என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, ரசத்தை இறக்கி, எல்லாருக்கும் பரிமாறிவிட்டுப் படுக்கிறீர்கள். அந்தச் சில மணி நேரத்தில் போகிற உயிரணுக்களை ஸ்டாக்ஹோமும் ஒஸாகாவும் கோட்டிங்கனும் சேர்ந்தாலும் இன்று மீட்டுத் தர முடியாது. ரசம் காத்திருக்கட்டும். 108-க்குப் போன் செய்யுங்கள்.

நேற்று மாலை சுவருக்கு அப்பாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. நாலும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு சத்தம்தான் இப்போதெல்லாம் அந்த வீட்டிலிருந்து கேட்பதில்லை. அப்பளம் பொரிக்கிற சத்தம்!